புளியும் புள்ளியும்: நம்ம எழுத்தைத் திருத்திய இத்தாலிக்காரர்

இன்னைக்கு சுகர், பிரஷர், மாத்திரை எதுவும் கிடையாது. ஸ்பெல்லிங் மிஸ்டேக் பற்றி ஒரு நீண்ட இழை. விழுப்புரத்தில் ஆரம்பித்து இத்தாலிக்குப் போய், திண்டிவனத்தில் இறங்குவோம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

விழுப்புரம் ஜங்ஷன்ல இறங்கினா, பலகையில் நம்ம ஊர்ப் பேரை இங்கிலீஷில் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க. எல் இரண்டு, பி ஒன்று. அப்புறம் மாவட்ட இணையதளத்துக்குப் போங்க. எல் ஒன்று, பி இரண்டு!

ரயில்வேக்காரரின் ஸ்பெல்லிங்கை எழுத்துக்கு எழுத்து படித்தால் 'வில்லுபுரம்'. மாவட்டத்தின் ஸ்பெல்லிங்கைப் படித்தால் 'விலுப்புரம்'. ழ-வை இரண்டு பேருமே கைவிட்டுட்டாங்க, அது தனி சோகம். ஆனா இரட்டிப்பு எங்கே விழணும் என்பதில் மாவட்டம் ஜெயித்துவிட்டது. நாம 'ப்பு' என்று அழுத்தித்தானே சொல்றோம்?

இங்கிலீஷ்காரருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அவருக்கு இரட்டை எழுத்து என்பது வெறும் அலங்காரம். 'சம்மர்' என்பதில் இரண்டு எம் எழுதுவார், வாயில் ஒரு எம்தான் வரும். இதே பலகையை ஒரு இத்தாலிக்காரர் படித்தால், இரண்டு எல்லையும் நிறுத்தி நிதானமாக 'வில்ல்லு' என்பார். ஏன்னா அவர் மொழியில் இரட்டை எழுத்து என்றால் இரட்டை எழுத்துதான். நம்மள மாதிரியே.

கனி வேறு, கன்னி வேறு. வெளி வேறு, வெள்ளி வேறு. புளி வேறு, புள்ளி வேறு. (இந்தக் கடைசி ஜோடியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.) இத்தாலியனிலும் ஒற்றை, இரட்டை மாறினால் அர்த்தமே மாறிவிடும். 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நொன்னோ' என்றால் தாத்தா.

டாக்டர் என்பதால் இதையும் சொல்லித்தான் ஆகணும். இத்தாலியனில் வயதைச் சொல்லும்போது "எனக்கு நாற்பது வயது" என்பதை "நான் நாற்பது ஆண்டுகள் வைத்திருக்கிறேன்" என்கிற மாதிரிதான் சொல்வாங்க. ஆண்டுகளுக்கு 'ஆன்னி'. அதில் ஒரு 'ன்' குறைந்து 'ஆனி' ஆகிவிட்டால், நாற்பது ஆசனவாய் வைத்திருப்பதாக அர்த்தம். அங்கே மொழி கற்கப் போகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லி, எதிரே இருப்பவரை இருமல் வந்தது போல் திரும்பிக்கொள்ள வைத்திருப்பார். ஹோட்டலில் 'பென்னே' பாஸ்தா கேட்கும்போதும் அந்த இரண்டாவது ன்-ஐ விட்டுடாதீங்க. மீதியை நான் விளக்க மாட்டேன், குடும்பத்தோட படிக்கிறவங்க இருக்கீங்க.

அடுத்தது சி, ஜி, எச். இங்கேதான் எங்க ஆட்களோட வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும்.

இத்தாலியனில் சி-க்குப் பின்னால் ஏ, ஓ, யூ வந்தால் 'க'. ஈ, ஐ வந்தால் 'ச'. கப்புச்சீனோவில் முதல் சி 'க' ஆகவும், அடுத்த இரட்டை சி 'ச்ச' ஆகவும் வருவது இதனால்தான். சரி, 'கி' என்று எழுத வேண்டுமென்றால்? நடுவில் ஒரு எச் போடணும். அவ்வளவுதான். ஜி எழுத்துக்கும் இதே கதை.

இப்போ மருத்துவக் கல்லூரி வகுப்பறைக்கு வாங்க. செல்லுக்குள் இருக்கும் 'கோல்ஜி' எல்லாருக்கும் தெரியும். 1906-இல் நோபல் பரிசு வாங்கிய கமில்லோ கோல்ஜி. அதில் எச் இல்லை, அதனால் 'ஜி' சரி. ஆனா 1661-இல் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்து, தமனிக்கும் சிரைக்கும் நடுவே ரத்தம் எப்படிக் கடந்து போகிறது என்று காட்டினாரே, மர்ச்செல்லோ மல்பீகி, அவர் பேரில் எச் உண்டு. அதனால் 'கி'. நாங்க வருஷக்கணக்கா 'மால்பிஜியன்' என்று சொல்லி பரீட்சை எழுதி பாஸாகிட்டு வந்திருக்கோம். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே இருக்கும் 'யூஸ்டேஷியன்' குழாய்க்குச் சொந்தக்காரர் பர்த்தொலொமேயோ எவுஸ்தாகி. அங்கேயும் ஷியும் இல்லை, சியும் இல்லை. கி!

இந்த இத்தாலிய எச் ஒரு சுவாரசியமான ஆசாமி. அதற்கென்று சொந்தச் சத்தமே கிடையாது. வாயைத் திறக்காது. ஆனா பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து எழுத்தின் சத்தத்தை மாற்றிவிடும். தமிழில் இந்த வேலையைச் செய்வது யார்? நம்ம புள்ளி! க-வின் தலையில் உட்கார்ந்தால் அது க் ஆகிவிடுகிறது, புள்ளிக்குத் தனியாக ஒரு சத்தமும் இல்லை.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதிகம் சிவப்பு மை வாங்குவதும் இந்த எச்-ஆல்தான். 'அவர்களிடம் இருக்கிறது' என்பதற்கும் 'ஆண்டு' என்பதற்கும் சத்தம் ஒன்றே, 'ஆன்னோ'. முன்னதுக்கு எச் போட்டு எழுதணும், பின்னதுக்குப் போடக் கூடாது. காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நம்ம பிள்ளைகள் ர-வா ற-வா, ந-வா ன-வா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கும் அதே நிலைமை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சி-எச்-ஐ வரும் இன்னொரு இத்தாலியப் பெயர் நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இங்கிலீஷ் வழியாகப் படித்தவர்கள் 'பெஷி' என்றும் 'பெஸ்சி' என்றும் சொல்வாங்க. சரியான உச்சரிப்பு பெஸ்கி. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நம்ம வீரமாமுனிவர்.

பிறந்தது 1680 நவம்பர் 8, வட இத்தாலியில் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியெரே என்ற ஊர். மூச்சு வாங்குதா? பரவாயில்லை, அவங்களை 'உளுந்தூர்பேட்டை' சொல்லச் சொல்லிப் பழி வாங்கிக்கலாம்.

டாக்டர்களுக்கு இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1859 ஜூன் 24-இல் பக்கத்து சோல்பெரினோவில் பெரும் போர். காயம்பட்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட இடம் இதே காஸ்தில்யோனேதான். ஊர்ப் பெண்கள் எந்தப் படைக்காரன் என்று கேட்காமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து, கட்டுப் போட்டாங்க. வியாபார விஷயமாக அந்தப் பக்கம் வந்திருந்த ஜெனீவாக்காரர் ஆன்ரி துனான் அதில் சேர்ந்துகொண்டார். பார்த்ததை 1862-இல் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷமே செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அஸ்திவாரம் விழுந்துவிட்டது. வீரமாமுனிவரின் ஊரிலிருந்து உலகத்துக்குப் போன இன்னொரு விஷயம் இது.

பெஸ்கி கோவா வழியாக 1711-இல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயசு முப்பது. இப்போதெல்லாம் முப்பது வயசில் புது மொழி கத்துக்கச் சொன்னா "இனிமே என்னத்த" என்போம். இந்த மனுஷன் தமிழ் கற்று, 1726-இல் 3615 பாட்டுக்களில் தேம்பாவணி எழுதினார். இலக்கணத்துக்குத் தொன்னூல் விளக்கம். 1732-இல் சதுரகராதி. சிரிக்க வைக்கப் பரமார்த்த குருவும் அஞ்சு சீடர்களும். நம்ம பக்கத்திலும் அவர் தடம் உண்டு. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் அவர் கட்டியது. இப்போ அது கடலூர் மாவட்டம், ஆனா 1993 வரை நாமெல்லாம் ஒரே தென்னாற்காடுதானே.

இப்போ எழுத்து விஷயம். இந்த இழையின் நடுக்கதையே இதுதான்.

தொல்காப்பியர் காலத்து விதிப்படி எ, ஒ இரண்டும் குறில் என்றால் மேலே புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். அதாவது இன்னைக்கு நாம் எ என்று எழுதுவது, புள்ளி இல்லாததால், அன்னைக்கு ஏ. சரியான ஏற்பாடுதான். ஆனா எழுதுவது பனை ஓலையில், எழுத்தாணியால். கோடு இழுக்கலாம், சுழிக்கலாம். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். அதனால் ஏடு எழுதுகிறவங்க புள்ளியையே விட்டுட்டாங்க. மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது, எ-க்கும் கிடையாது.

விளைவு? எரியும் ஏரியும் ஒன்று! ஒருத்தர் எழுதிய ஏட்டில் ஊருக்கு மேற்கே இருப்பது நெருப்பா தண்ணியா என்று நீங்கதான் யோசிச்சுக்கணும். எடு, ஏடு. கொடு, கோடு. பெறு, பேறு. கெடு, கேடு. எல்லாம் ஒரே உருவம்.

இன்னும் இருக்கு. அந்தக் காலத்தில் துணைக்காலும் ர எழுத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆக ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால் என்று ஓலையில் பார்த்தால் அதை கெர, கேர, கெர், கேர், கொ, கோ என ஆறு விதமாகப் படிக்கலாம். என் கையெழுத்தைப் பார்த்து முறைக்கும் மருந்துக்கடைத் தம்பிகள் தயவுசெய்து இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கவும்.

"அப்போ நம்ம முன்னோர் எப்படித்தான் படிச்சாங்க?" நல்ல கேள்வி. பாட்டாக இருந்ததால் படித்தார்கள். செய்யுளில் எதுகை இருக்கும். முதல் அடியின் முதல் எழுத்து நெடில் என்றால் அடுத்த அடியிலும் நெடில்தான் வரணும். தளை தட்டாமல் வரணும். பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும், ஏடு வெறும் ஞாபகக் குறிப்புதான். உரைநடையில் இந்தப் பிடிமானம் கிடையாது. வைத்தியக் குறிப்பு, பத்திரம், கடிதம் எல்லாம் ஊகம்தான்.

அந்த மொழிக்குள்ளேயே பிறந்தவருக்கு இந்தக் கஷ்டம் கண்ணில் படாது. பழகிப்போச்சு. முப்பது வயசில் வந்து, ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுந்தவருக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். வருஷக்கணக்கா தப்பான இடத்தில் வச்சிருக்கிற டிரேயைப் பற்றி முதலில் கேட்பது புதுசா வந்த ஹவுஸ் சர்ஜனாத்தான் இருக்கும்.

பெஸ்கி செய்தது ரொம்பச் சின்ன வேலை. குறிலுக்குப் புள்ளி வைப்பதை விட்டுவிட்டு, நெடிலுக்கு ஒரு அடையாளம் கொடுத்தார். ஒற்றைக் கொம்பை மேலே இன்னொரு சுழி சுழித்தால் நெடில்: கெ, கே. எ-யின் காலைக் கீழே சாய்த்து இழுத்தால் ஏ. ஒ-வின் அடியில் சுழித்தால் ஓ. துளை போட வேண்டாம், எழுத்தாணிக்குச் சுலபம். தமிழ் எழுத்து வரலாற்றில் இந்த மாற்றம் அவர் பெயரில்தான் நிற்கிறது. இப்போ நீங்க செல்போனில் 'ஏன்' என்று தட்டும்போது வருகிற அந்தச் சாய்ந்த கால், காஸ்தில்யோனேக்காரர் உபயம்.

உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. ஏடு எழுதுகிறவங்க பழையபடிதான் எழுதிக்கொண்டிருந்தாங்க. உ.வே.சா. காலத்தில்கூட புள்ளியும் இல்லாத, கொம்பு வித்தியாசமும் இல்லாத சுவடிகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அச்சு பரவப் பரவத்தான் புது வடிவம் நிலைத்தது. அச்சு என்றதும் ஒரு வேடிக்கை. பெஸ்கிக்கும் தரங்கம்பாடி லூத்தரன் மிஷன்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம். மாறி மாறிக் கண்டனம் எழுதிக்கொண்டவர்கள். ஆனா பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சடித்தது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான். சண்டை வேறு, நல்ல புத்தகம் வேறு. பெரிய மனசு.

இப்போ என்னோட ஃபேவரிட் பகுதி.

நம்ம எ, ஏ, ஒ, ஓ குழப்பத்தைத் தீர்த்த இந்த மனுஷனோட சொந்த மொழியில் அதே இரண்டு எழுத்தில் அதே மாதிரிக் குழப்பம் இன்னைக்கும் இருக்கு! இத்தாலியனில் ஈ எழுத்துக்கு இரண்டு சத்தம் உண்டு. ஒன்று வாயை நல்லாத் திறந்து, இன்னொன்று கொஞ்சம் மூடி. ஓ எழுத்துக்கும் அப்படியே. எழுதும்போது வித்தியாசம் கிடையாது. 'பெஸ்கா' என்று ஒரு சொல். வாயைத் திறந்து சொன்னால் பீச் பழம். மூடிச் சொன்னால் மீன்பிடிப்பு. 'போத்தே' என்றால் ஒரு விதத்தில் பீப்பாய், இன்னொரு விதத்தில் அடி உதை. அகராதியில் மட்டும் மேலே ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க. கடைப் பலகையிலோ பேப்பரிலோ கிடையாது. நாம எரி-ஏரி படித்த மாதிரி, இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும்.

அங்கேயும் ஒருத்தர் திருத்தப் பார்த்தார். ஜான் ஜோர்ஜோ திரிஸ்ஸினோ. 1524-இல், பெஸ்கி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கிரேக்கத்திலிருந்து இரண்டு எழுத்தைக் கடன் வாங்கி ஈ, ஓ இரண்டையும் பிரித்து எழுதலாம் என்று சொன்னார், அப்படியே புத்தகமும் அச்சடித்தார். புலவர்களெல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. யூ-வையும் வி-யையும் பிரித்து எழுதணும் என்ற அவரோட யோசனை காலப்போக்கில் நிலைத்தது. ஈ, ஓ யோசனை செத்துப்போச்சு. பிற்பாடு 1583-இல் பிளாரன்ஸில் மொழியைச் சுத்தம் செய்ய ஒரு சங்கமே ஆரம்பித்து, 1612-இல் பேரகராதியும் போட்டாங்க. அந்தச் சங்கத்தின் பேர் 'க்ரூஸ்கா', அதாவது தவிடு. மாவிலிருந்து தவிட்டைச் சலித்தெடுக்கிற வேலையாம். தவிட்டுக் கழகம் இன்னைக்கும் இயங்குது, ஸ்பெல்லிங் சந்தேகம் கேட்டா பதிலும் சொல்லுது. ஆனா அந்த ஈ, ஓ அப்படியேதான் இருக்கு.

சொந்த ஊரில் ஒரு பெரிய கவிஞரால் முடியாததை, தென்னாற்காட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சாமியார் வேற்று மொழியில் முடித்துவிட்டார். நம்ம அரசாங்கம்கூட 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டு, கிண்டல் தாங்காமல் சில நாளிலேயே வாபஸ் வாங்கியது ஞாபகம் இருக்கலாம். ஸ்பெல்லிங்கில் கை வைப்பது அவ்வளவு லேசில்லை.

இங்கே ஒரு டாக்டர் பேச்சு. 'ஹைட்ராக்ஸிசின்' என்று ஒரு மாத்திரை, அரிப்புக்கு. 'ஹைட்ராலசின்' என்று ஒன்று, பிரஷருக்கு. எழுதும்போதும் சொல்லும்போதும் குழம்பக்கூடிய ஜோடி என்று உலகம் முழுக்க மருந்தாளுநர்கள் எச்சரிக்கும் பட்டியலில் இவை இருக்கு. நடுவில் சில எழுத்துதான் வித்தியாசம். ஸ்பெல்லிங்கைப் பற்றி இவ்வளவு பேசுறதுக்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரை அட்டையில் இருக்கும் பேரை எழுத்து விடாமல் படிங்க. சந்தேகம் வந்தா கேளுங்க. திட்ட மாட்டோம்.

உச்சரிப்பு மட்டும் வேற விஷயம். அதில் யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஓபியில் வயசான அம்மாக்கள் "இஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க டாக்டர்" என்பாங்க. கூட வந்த படித்த பையன் "ஐயோ அம்மா, ஸ்கேன்மா" என்று எல்லார் முன்னாடியும் திருத்துவான். அதுக்கப்புறம் அந்தம்மா வாயே திறக்க மாட்டாங்க. வலி எங்கேன்னு கேட்டாலும் பையன் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. எனக்கு வேண்டிய பாதித் தகவல் அங்கேயே போச்சு.

அந்தப் பையனுக்கு ஒரு தகவல். ஸ்-இல் ஆரம்பித்து அடுத்து இன்னொரு மெய் வந்தால் முன்னாடி ஒரு 'இ' சேர்த்துக்கொள்வது உங்கம்மா மட்டும் செய்யும் தப்பு இல்லை. லத்தீன் 'ஸ்கோலா' ஸ்பெயினில் 'எஸ்குவேலா' ஆச்சு. பழைய இத்தாலியனில் இது இலக்கணமாகவே இருந்தது. இன்னைக்கும் 'எழுத்து மூலமாக' என்பதற்கு அங்கே படித்தவர்கள் 'பெர் இஸ்கிரித்தோ' என்பாங்க, 'ஸ்கிரித்தோ' முன்னாடி அந்த இ-யோடு. இஸ்கூல், இஸ்டேஷன், இஸ்கேன் எல்லாம் அதே வழியில் வந்த சொற்கள்தான்.

பெஸ்கி இதில் இன்னும் ஒரு படி மேல. தமிழ் வாய்க்கு வராத பெயரை அப்படியே திணிக்க மாட்டார், அர்த்தம் பார்த்து மாற்றிவிடுவார். தேம்பாவணியில் ஜோசப் 'வளன்'. எபிரேயத்தில் அந்தப் பேருக்குப் பெருகுதல், கூடுதல் என்று பொருள். யோவான் 'கருணையன்', பத்தாம் வகுப்பில் படித்திருப்பீங்க. தன் பேரையும் விடவில்லை. கான்ஸ்டன்டைனில் இருக்கும் உறுதியைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் அதன் பின்னால் வந்தது.

நம்ம செஞ்சிக்கும் ஒரு வார்த்தை. இங்கிலீஷில் ஜி-ஐ-என்-ஜி-ஈ-ஈ என்று எழுதி 'ஜிஞ்ஜீ' ஆக்கிவிட்டார்கள். போன 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ பாரம்பரிய அந்தஸ்து வந்தபோதும் அதே ஸ்பெல்லிங்தான் உலகம் முழுக்கப் போச்சு. இத்தாலிய விதிப்படி எழுதியிருந்தா சி-ஈ-என்-ஜி-ஐ, அஞ்சே எழுத்து. அதை எந்த இத்தாலிக்காரர் படித்தாலும் அச்சு அசல் 'செஞ்சி' என்று நம்ம ஊர் கண்டக்டர் மாதிரியே சொல்வார்.

கடைசியாகத் திண்டிவனம். சொன்ன மாதிரி வந்தாச்சு.

திண்டிக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளி. புளியங்காடு, திந்திரிணி வனம், அது தேய்ந்து திண்டிவனம். ஊர் சிவன் கோயில் சாமி பேரே திந்திரிணீஸ்வரர். புளிக்கு இத்தாலியனில் 'தமரிந்தோ'. அரபியில் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. பேரீச்சைக்கும் புளிக்கும் என்ன உறவு என்று அந்த அரபு வியாபாரியைத்தான் கேட்கணும். மிலான் நகரத்து மருந்தாளுநர் கார்லோ எர்பா 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் புளியை சிரப்பாகக் காய்ச்சி பாட்டிலில் அடைத்து விற்க, இத்தாலி முழுக்கப் பிரபலமானது. வெயிலுக்குத் தண்ணியில் கலந்து குடிப்பாங்க, மலச்சிக்கலுக்கும் கேட்கும். நம்ம வீட்டுப் பானகத்தோட சொந்தக்காரன்தான். சுகர் பேஷன்ட்ஸ் கமென்ட்டில் "டாக்டர் நாங்க குடிக்கலாமா" என்று கேட்கும் முன்பே சொல்லிடறேன்: சிரப்பில் பாதி சர்க்கரை. வேண்டாம்.

புளி ரசம் தாராளமா சாப்பிடுங்க. உப்பு மட்டும் பார்த்து. அடுத்த இழை வழக்கம்போல சுகர்தான்.